உள்பக்கத்தைக் காட்டு

பாப்பாவின் நான்காவது பிறந்தநாளுக்கு ஒரு கவுன் வாங்கியிருந்தோம். வெளிர் ரோஸ் நிறம், மூன்று அடுக்கு நெட், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாட்டின் பூ. கேக் வெட்டும்வரை சமர்த்தாகப் போட்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு கையைப் பின்னால் வளைத்து முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தாள். "அப்பா, கடிக்குது" என்றாள். எறும்பாக இருக்கும் என்று தட்டிவிட்டேன். மறுபடி வந்தாள். "இன்னும் கடிக்குதுப்பா." ராத்திரி கழற்றும்போதுதான் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டி அவிழ்த்த மாதிரி.

கவுனைப் புரட்டினேன். மூன்றடுக்கு நெட்டும் இடுப்பில் ஒன்றாகச் சேருகிற இடத்தில், வெட்டிய முனைகள் துடைப்பத்தின் நுனி போல உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி மொரமொரவென்று நைலான் நூலில், பிசிறு பிரியாமலிருக்கப் போடுகிற ஓவர்லாக் தையல். பின்கழுத்தில் ஒரு லேபிள், விலாப் பக்கம் இன்னொரு லேபிள்.

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். சர்க்கரை நோய் அவளுடைய கண்ணை ஏறக்குறைய வாங்கிக்கொண்டுவிட்டது. வெளிச்சமும் உருவமும் தெரியும், ஊசியும் நூலும் தெரியாது. கவுனுக்குள் கையை விட்டு, இடுப்புத் தையல் நெடுக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாக்குறவுகளுக்குத் தைச்சிருக்கான்யா. போடுற புள்ளைக்குத் தைக்கல."

எங்கள் வீட்டில் தையல் மெஷின் உண்டு. அம்மாவுடைய உஷா. கால் பெடலும் மரப்பலகையும் கறுப்புத் தலையுமாக இருக்கும் பழைய மாடல். இருபத்தைந்து வருஷம் அம்மா அதில் எங்கள் தெருவுக்கே தைத்தாள். ஜாக்கெட், உள்பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம், தீபாவளி வந்தால் தூக்கமில்லாமல் பாவாடை சட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு ஒரே ஒரு வேலைதான்: பத்துப் பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போகவேண்டும். ஹெம்மிங் செய்யும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வாள். தையலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மெஷினில் உட்கார்ந்ததில்லை. தங்கையை உட்காரச் சொல்லுவாள், என்னைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் கேட்டேன். "எனக்குச் சொல்லிக்குடும்மா." அம்மா சிரிக்கவில்லை. "முதல்ல எண்ணெய் விடு. ரெண்டு வருசமா ஓடாமக் கிடக்கு" என்றாள்.

நான் பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவன். கோடும் கோணமும் என் பிழைப்பு. அது தையலுக்கு உதவும் என்றுதான் நினைத்தேன். உதவியது, ஆனால் கடைசியில்தான். முதலில் வேண்டியிருந்தது காலும் காதும்.

ஒரு வாரம் நூலே கிடையாது. பாப்பாவின் நோட்டிலிருந்து கோடு போட்ட தாளைக் கிழித்து, நூல் கோக்காத ஊசிக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னாள் அம்மா. பெடலில் கால் வைத்ததும் சக்கரம் பின்னால் சுற்றியது. இந்த மெஷினில் சக்கரத்தின் மேல்பக்கம் நம்மைப் பார்த்து வரவேண்டும்; எதிர்ப்பக்கம் போனால் நூல் சிக்கி அறுந்துவிடும். கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி, அது சுற்றுகிற போக்கிலேயே கால் சேர்ந்துகொள்ளவேண்டும். மிதிப்பது என்று சொல்கிறோமே தவிர, மிதித்தால் வராது. ஊஞ்சலை ஆட்டுகிற மாதிரி குதிகாலும் விரலும் மாறி மாறி எடை வாங்கவேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடியே அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். "இப்பப் பின்னால போயிருச்சு." "இப்ப மடியில வந்துட்ட, மெதுவா." அவள் மடி என்றது தாளின் மூலை. திரும்புகிற இடத்தில் கால் தயங்குவது சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நூல் கோத்த அன்றைக்கு வேறு தகராறு. மேலே பார்த்தால் தையல் அழகாக இருக்கிறது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடக்கிறது. அடியில்தானே சிக்கல் என்று, அடி நூல் சுற்றியிருக்கிற பாபினைக் கழற்றி மாட்டினேன், பாபின் கேஸின் திருகைத் தொட்டேன், இன்னும் மோசமானது. நாலு தடவை பிரித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். "அடியில சிக்குனா மேல பாரு" என்றாள். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல் நூலை மறுபடி கோக்கச் சொன்னாள். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஃபுட் இறங்கியிருக்கும்போது, மேல் நூலைப் பிடித்து விடுகிற டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுகி மூடியிருக்கும். அப்போது நூல் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராமல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். பிடிமானமில்லாத மேல் நூலைக் கீழே இருக்கிற கொக்கி வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளும். அதுதான் குருவிக்கூடு. ஃபுட்டைத் தூக்கினால் தட்டுகள் தளரும், நூல் உள்ளே விழும். என் மாணவர்களுக்கு ஒரு இயந்திரத்தை இப்படி ஒரே வாக்கியத்தில் விளக்க எனக்கு வந்ததில்லை.

மதுரைக்காரனுக்குக் காந்தியும் துணியும் என்றால் மேலமாசி வீதி வீட்டில் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி அவர் அரையாடைக்கு மாறியதுதான் ஞாபகம் வரும். மூன்று வருஷம் கழித்து, 1924-ல், இயந்திரங்கள் எதுவுமே வேண்டாமா என்று சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரிடம் கேட்டபோது, அவர் விலக்காகச் சொன்னது தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் இதை உருவாக்கினார், அன்பிலிருந்து பிறந்த கருவி இது என்பது அவர் சொன்னதன் சாரம். சிங்கருக்கு முன்பே, 1846-ல், எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியிருந்தார். சிங்கர் வாங்கியது 1851-ல். அந்த வரலாறு அவ்வளவு எளிமையானதல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி பதிலில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கேள்வி கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து, இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கிற காந்திகிராமத்தை உருவாக்கியவர். 1930-களில் கல்கத்தாவில் பிறந்த உஷா கம்பெனியின் மெஷின் ஒன்று மதுரையில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கட்டியது அந்தப் பெடல்தான். அன்பிலிருந்து பிறந்த கருவி என்றால் எனக்கு அது வெறும் பேச்சு இல்லை.

முதல் உடுப்பு ஒரு சாதாரண வீட்டுக் கவுன். கையில்லாதது, வட்டக் கழுத்து, இடுப்பிலிருந்து சுருக்கம். தாளில் வரைந்தேன், வெட்டினேன், இரண்டு ராத்திரியில் தைத்தேன். கழுத்துக்குக் கிராஸ் பட்டி, அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி, கொடுத்து மடித்துத் தைத்தது எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் காலையில் பாப்பாவுக்குப் போட்டால் நெற்றியோடு நின்றுவிட்டது. இழுத்தால் காது மடங்குகிறது. அவள் உள்ளே இருட்டில் நின்றபடி, "அப்பா, நான் எங்க இருக்கேன்?" என்றாள். தலையை வெளியே எடுத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கவுனையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். புது மண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருப்பது புது மண்டபம். வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. நான் சின்னப்பையனாக இருந்தபோது அது முழுக்க முழுக்கக் கடைகள். நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிற தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கான சிவப்பும் மஞ்சளுமான உடுப்புகள் தூண் தூணாகத் தொங்கும். அம்மா அங்கேதான் ஹூக், லேஸ், நூல்கண்டு வாங்குவாள். கோயில் வேலைக்காகக் கடைகளை இடம் மாற்றியது சரிதான். அந்தச் சிற்பங்கள் புகையும் ஆணியும் இல்லாமல் நிற்கவேண்டியவை. ஆனாலும் கல்தூணில் பட்டுத் திரும்பி வருகிற அந்த மெஷின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். கவுனை வாங்கிக் கழுத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பை ஓட்டினார். 15 அங்குலம்.

"தம்பி, புள்ள தலையை அளந்தீகளா?"

"இல்லண்ணே. மார்பு அளந்தேன், தோள் அளந்தேன், உயரம் அளந்தேன்."

"நமக்குத் தைக்கையில தலையை யாரும் அளக்குறதில்ல. புள்ளைக்கு அதான் மொத அளவு."

வீட்டுக்கு வந்து அளந்தேன். 20 அங்குலம். மார்பு 22தான். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. பிறந்த குழந்தைக்குத் தலைச்சுற்றளவு மார்புச்சுற்றளவைவிட இரண்டு சென்டிமீட்டர் போலப் பெரிதாக இருக்கும். ஒரு வயதுவாக்கில் இரண்டும் சமமாகும். அதற்கப்புறம்தான் மார்பு முந்தும், அதுவும் மெதுவாக. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது ஆஸ்பத்திரி அட்டையில் மாதாமாதம் தலைச்சுற்றளவு எழுதித் தருவார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை ஒரு நாளும் உடுப்போடு சேர்த்து யோசித்ததில்லை. குழந்தை என்பது சின்னதாக்கிய பெரிய ஆள் என்ற கணக்கில்தான் நான் வரைந்திருந்தேன். என் சட்டையின் அளவைப் பாதியாக்கினால் அவளுடைய சட்டை வராது. அவளுக்குத் தலை பெரிது, கழுத்து குட்டை, வயிறு மார்போடு போட்டி போடும், இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது.

பெரியவர் கவுனை வீணாக்கவிடவில்லை. பின்கழுத்தின் நடுவில் நேராக மூன்றரை அங்குலம் கீறி, அந்தக் கீறலுக்குப் பட்டி கொடுத்து, மேலே ஒரு பட்டன் வைக்கச் சொன்னார். மூன்றரை அங்குலம் கீறினால் வாய் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு அங்குலம் விரியும். 15-ம் 7-ம் 22. தலை தாராளமாகப் போகும், பட்டனைப் போட்டதும் கழுத்து பழையபடி சின்னதாகி தோளில் நிற்கும். "கழுத்தைப் பெருசா வெட்டிட்டா தோள் வழியும் தம்பி. சின்னதா வெட்டு. சின்னதைப் பெருசாக்கலாம், பெருசைச் சின்னதாக்க முடியாது." காசு வாங்கிக்கொள்ளவில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

துணியும் அங்கேயே பக்கத்தில் வாங்கினேன். சுங்குடி, இரண்டு மீட்டர், மாம்பழ மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. மதுரையின் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணி இது, புவிசார் குறியீடு வாங்கியது. சேலையாகத்தான் எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கு இதைவிட நல்ல துணி நம் ஊர் வெயிலுக்குக் கிடையாது என்பது என் அபிப்பிராயம். மெல்லிசு, வேர்வையைக் குடிக்கும், துவைக்கத் துவைக்க மெதுவாகும். ஆனால் வாங்கிய கையோடு வெட்டக்கூடாது. உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கஞ்சி போக அலசி, நிழலில் காயப்போட்டு அளந்தேன். நீளத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. நனைக்காமல் வெட்டித் தைத்திருந்தால் முதல் துவைப்பிலேயே கவுன் சுருங்கி மேலே ஏறியிருக்கும்.

இரண்டாவது கவுன் தலையில் நுழைந்தது. பாப்பா ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். அம்மாவிடம் கூட்டிப்போனேன். அம்மா அவளைத் தொடவில்லை. "கழட்டிக் குடு. உள்பக்கத்தைக் காட்டு" என்றாள்.

அன்றிலிருந்து இதுதான் எங்களுக்குள் வழக்கம். நான் தைப்பதை அம்மா கண்ணால் பார்க்க முடியாது, அதனால் நிறம், பூ, லேஸ் எதுவும் அவளிடம் எடுபடாது. உடுப்புக்குள் கையை விட்டு, அக்குளில் தொடங்கி விலா வழியாகக் கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, கழுத்தைச் சுற்றி வருவாள். விரல் நிற்கிற இடமெல்லாம் தப்பு. அந்தக் கவுனில் ஏழு இடத்தில் நின்றது. அக்குளில் நாலு துணிமடிப்பு ஒன்றாகச் சேர்ந்து கட்டியாக இருந்தது. கழுத்து வளைவில் ஓரத்துணிக்கு நான் சின்னச் சின்ன வெட்டு கொடுக்கவில்லை, அதனால் அது மடங்காமல் முறுக்கிக்கொண்டு நின்றது. நூல் முடித்த இடத்தில் முடிச்சு தோலைத் தொடுகிற பக்கம் இருந்தது. "இதெல்லாம் நமக்கு ஒண்ணுமில்லய்யா. அதோட தோலு முட்டைக்குள்ள இருக்குமே சவ்வு, அந்தக் கனம்தான்" என்றாள்.

பிசிறு வெளியே தெரியாமல் தைக்கிற முறையை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிரெஞ்சு தையல் என்பார்கள். பொதுவாக நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளே ஒட்டியிருக்கும்படி வைத்துத் தைத்துப் புரட்டுவோம். இதில் முதல் தையல் நேர்மாறு: நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிறகு ஓரத்தைப் பாதியாக நறுக்கவேண்டும். நகத்தால் அழுத்தித் தேய்த்து, துணியை மறுபக்கம் புரட்டி, அதே ஓரத்தில் கால் அங்குலத்தில் இரண்டாவது தையல். வெட்டிய முனை முழுவதும் இரண்டு தையலுக்கும் நடுவில் அடைபட்டுவிடும். உள்ளே கையை விட்டால் ஒரு மெல்லிய வரப்பு மட்டும் தட்டுப்படும். நேரம் இரண்டு மடங்கு. நறுக்கும்போது ஒரு இழை தப்பித்துவிட்டால் அது இரண்டாவது தையலுக்கு வெளியே மீசை மாதிரி எட்டிப்பார்க்கும். அதைக் கத்தரிக்க முடியாது, மொத்தமும் பிரிக்கவேண்டும். நான் பிரித்த கணக்குக்கு அளவில்லை. பிளேடை ஒவ்வொரு கண்ணியாக விட்டுப் பிரித்த ராத்திரிகளில்தான் தையல் என்பது என்ன என்று எனக்குத் தெரிந்தது. மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடு வயிற்றில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வேறு ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் எனக்குக் குழப்பம் வந்தது. தையல்காரர்கள் குழந்தை உடுப்பில் விலாவில் ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தைப்பார்கள், வளர வளரப் பிரித்து விடலாம் என்று. பிரெஞ்சு தையலில் அதற்கு வழியில்லை, ஓரத்தை நறுக்கிவிடுகிறோம். அம்மாவிடம் கேட்டேன். "புள்ள அகலமாவா வளருது? நீளமால்ல வளருது" என்றாள். ஆமாம். நாலு வயதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு, இரண்டே கால் அங்குலம் உயரம் கூடுகிறது. மார்பு அந்த அளவுக்கு ஓடுவதில்லை. எனவே உடம்புப் பகுதியில் முதலிலேயே கொஞ்சம் தளர்வு விட்டுவிடவேண்டும். மிச்ச வளர்ச்சியெல்லாம் கீழே, துணியை மடித்துத் தைக்கிற டக்கில்.

பாவாடையின் அடியில் வரிவரியாகப் பிடிக்கிற டக் ஒரு அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா அலமாரியிலிருந்து தங்கையின் பழைய பாவாடை ஒன்றை எடுக்கச் சொன்னாள். அரக்கு நிறம், துவைத்துத் துவைத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பட்டை பட்டையாக அசல் அரக்கு. மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி அது. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டிருக்கிறாள். அரை அங்குல டக் ஒன்றைப் பிரித்தால் ஒரு அங்குலம் நீளம் கிடைக்கும். மூன்றாவது டக் பிரிக்கப்படாமலே இருந்தது. அதற்குள் தங்கைக்கு இடுப்பு பற்றாமல் போய்விட்டதாம். பட்டைகளுக்கு மேல் ஊசித்துளைகள் வரிசையாக இன்னும் தெரிகின்றன. புதுத்துணி வாங்க முடியாத வருஷங்களில் பாவாடை நீண்டுகொண்டே வந்தது எங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

சுங்குடிப் பாவாடைக்கு மூன்று டக் பிடித்தேன். துணியின் 44 அங்குல அகலத்தையும் அப்படியே சுருக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன், 22 அங்குல இடுப்புக்கு அது சரியாக இரண்டு மடங்கு. பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி, அடி நூல்கள் இரண்டையும் சேர்த்து மெல்ல இழுத்தால் துணி அலை அலையாகக் கூடிவரும். ஒரு வரி மட்டும் ஓட்டினால் சுருக்கம் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. இரண்டு வரி என்றால் நின்று பேசும்.

பாப்பாவைக் கவனிக்கிற விதமே மாறிவிட்டது. அவள் உட்காருவது பெரும்பாலும் குத்துக்காலிட்டு. அப்போது பின்பக்கம் துணி கீழே இழுபடும், அதனால் பைஜாமாவில் பின்பக்க உயரம் முன்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடுதலாக வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்குகிறாள். அக்குள் வளைவு இறுக்கமாக இருந்தால் கவுன் மொத்தமும் மேலே ஏறும். கழுத்தில் நாடா வைத்துக் கட்டுகிற மாடலை மனைவி கைபேசியில் காட்டினாள், அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். சறுக்குமரத்திலும் கதவிடுக்கிலும் நாடா மாட்டிக் குழந்தைகளின் கழுத்து இறுகிய விபத்துகளால், அமெரிக்காவில் 1996-லேயே குழந்தைகளின் மேலுடுப்பில் கழுத்து நாடா கூடாது என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது. தீபாவளிக்கும் பருத்திதான். பருத்தியும் பற்றும், ஆனால் பாலியஸ்டர் மாதிரி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளாது. மத்தாப்பு பிடிக்கிற கைக்கு நெட்டும் நைலானும் போட்டு அனுப்புவதை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது. மெஷின் விஷயத்திலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். தைத்து முடித்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுவேன். பெடலை அவள் மிதித்தாலும் ஊசி அசையாது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பை வேண்டும். பெண்பிள்ளைகளின் கவுனில் ஏன் பை வைப்பதில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவளுக்கும் சேகரிக்க ஆயிரம் இருக்கிறது. புளியங்கொட்டை, பட்டன், நான் வெட்டிப்போட்ட துணித்துண்டு. விலாத் தையலில் உள்ளே தொங்குகிற மாதிரி ஒரு பை வைத்தேன். அவள் கையை மேஜைமேல் வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, அந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினேன். பைக்கும் பிரெஞ்சு தையல். அந்த ஒரு கவுனில்தான் அம்மாவின் விரல் எங்கேயும் நிற்காமல் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. பைக்குள் கை போனபோது மட்டும் நின்றாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு புளியங்கொட்டை இருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கவுனை அவளாகவே போட்டுக்கொண்டு வந்தாள். பட்டனை மட்டும் அம்மா போட்டுவிட்டாள். இரண்டு பேருமாகத் தெருமுனைக் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு, வழியில் நின்று பேசி, அரைமணி நேரம் கழித்து வந்தார்கள். வந்ததும் பாப்பா நேரே மெஷினடிக்கு ஓடி வந்தாள். ஒரு கை நிறையப் புளியங்கொட்டை, இன்னொரு கை விலாவைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"அப்பா, என் பையைக் காணோம்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கவுனை உள்வெளியாகப் போட்டிருந்தாள். பை, விலாவுக்கு வெளியே ஒரு காது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.